கேட்ட அளவு முழுசா

ஏழு வருடம் கழித்து டாக்டர் ஒட்டோனியேல் அந்த ஜவுளிக் கடைப் படியேறி வந்தபோது, ஜமீலி சலூப் ஒரு சம்பந்தியம்மாளுக்குச் சாட்டின் அளந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. மூன்றேகால் மீட்டர் வெட்டினாள், மடித்தாள், காகிதத்தில் சுற்றினாள். மணப்பெண்ணின் இடுப்பளவு, மாப்பிள்ளையின் குணம், கேக்குக்கு எத்தனை முட்டை என்று சகலத்தையும் விசாரித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். வந்தவனை நிற்க வைத்து அவன் அவசரத்தை எடை போடுவது லெபனானிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து சலூப் குடும்பத்தில் இருக்கும் வழக்கம். டாக்டரின் அவசரம் நெற்றியில் வேர்வையாக நின்றது.

"என்ன டாக்டர், திரைத்துணியா, மேசை விரிப்பா?"

"உன் கிண்டல் மட்டும் மாறல. ரயில்வேக்கு ஏதோ கடுதாசி எழுதியிருக்கியாமே?"

"எழுதினேன். கையெழுத்து நல்லா இருந்துச்சா?"

டாக்டர் கல்லாவுக்கு எதிரே இருந்த முக்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார். அவர் உட்காரவும் கண்ணாடி அலமாரியில் பொத்தான் டப்பாக்கள் கிலுகிலுக்கத் தொடங்கின. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு இரும்புத் தாது ஏற்றிப் போகும் ரயில். இருநூற்றைம்பத்திரண்டு பெட்டி. பெத்ரா மியூதா ஊரில் அது போகும்போது யாரும் பேசுவதில்லை. தொடங்கிய வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு நாலு நிமிடம் காத்திருப்பார்கள். கல்யாணத்தில் பாதிரியாரும் அப்படித்தான் காத்திருப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஜமீலிக்கு அந்த நாலு நிமிடம் போதவில்லை.

அந்தச் சத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்தவள் அவள்தான். ஊர்த் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் ஆறு வருடம் விளக்கெண்ணெயைக் காய்ச்சி, அதை இறுக வைக்கும் ஹார்டனர் திரவத்தைக் கலந்து, அச்சில் ஊற்றி, கடைசியில் ஒரு திண்டு செய்தாள். ரயில் ஏறினால் அமுங்கும், போனால் எழும்பும். அதைத் தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் வைத்தால் அதிர்வு மண்ணுக்குள் இறங்காது. பெட்ரோலியத்தில் செய்த திண்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. இவளுடையது ஊர்க்காட்டில் விளைகிற ஆமணக்கில் வந்தது. ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஐம்பது மீட்டருக்கு அதைப் பதித்துப் பார்த்தார்கள். ரொட்டிக் கடையில் தட்டுகள் ஆடுவது நின்றது. விளக்கெண்ணெய் இதுவரை ஊருக்குச் செய்த ஒரே உபகாரம் வேறு மாதிரியானது என்பதால், ஜனங்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் ஆய்வகத் தலைவர் ஒட்டோனியேல் அவளுடைய செய்முறைச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு தலைநகரம் போனார். திரும்பி வந்தபோது காப்புரிமை அவர் பேரில் இருந்தது, பரிசு அவர் கழுத்தில் இருந்தது. கட்டுரையின் கடைசி வரியில், ஆய்வகத்தைச் சுத்தமாக வைத்திருந்ததற்காகச் செல்வி ஜமீலி சலூபுக்கு நன்றி என்று இருந்தது. அவள் கேட்கப் போனாள். "துணிக்கடைக்காரன் பொண்ணுக்கு அச்சுல பேர் வந்ததே பெருசு" என்றார் அவர். அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர் நாற்காலியில் போட்டுவிட்டு, அப்பாவின் கடைக்கு வந்து மீட்டர் கோலைப் பிடித்தாள்.

ஏழு வருடமாக மீட்டர் கோலைப் பிடித்த கை. ஒவ்வொரு துணியைக் கிழிக்கும்போதும் அவள் மனதில் வேறொன்று கிழிந்தது.

ரயில் போய் முடிந்தது. டாக்டர் வாயில் வைத்திருந்ததை வெளியே விட்டார்.

"எதுக்கு இந்த வம்பு? ஆய்வகத்துக்கே திரும்பி வா. இணை ஆய்வாளர்னு போர்டு வெச்சுத் தர்றேன்."

"போர்டு நல்ல தேக்குலயா?"

"ஜமீலி."

"சரி, பேசுவோம். திண்டுக்கு என் பேர். முதல் பேர்."

"ரெண்டாவது."

"முதல் பேர், அப்புறம் பரிசு வாங்கின அதே மேடையில ஏறி நீங்களே அதைச் சொல்லணும்."

"அடிக்குறிப்புல பெருசாப் போடச் சொல்றேன்."

"அடியில இருக்கறது செருப்பு டாக்டர். பேரு இல்ல."

அவர் ஏற்றினார், இறக்கினார், கைக்குட்டையை எடுத்தார். அவள் காப்பி வரவழைத்தாள், இறைச்சி வடை வரவழைத்தாள், ஒவ்வொரு படியிலும் ஒரு அங்குலம் இறங்குவதுபோல் காட்டி இரண்டு அங்குலம் ஏறினாள். விற்கும் எண்ணமே இல்லாத சரக்குக்குப் பேரம் பேசுவதில் ஒரு தனி ருசி உண்டு. அவள் அதை மென்று சாப்பிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, எதுவும் படியவில்லை என்று டாக்டருக்கே உறைத்தது. எழுந்து நின்றார்.

"திண்டு சமைக்கிற போட்டிதானே வேணும்னு எழுதியிருக்கே? நடக்கட்டும். அந்த ரயில்வேப் பொம்பளை சம்மதிச்சுட்டா. ஆனா ஒண்ணு, பழைய ஆய்வகத்துலதான் வைக்கணும்னு நான் கேட்டு வாங்கிட்டேன். அந்தக் கூடத்துல செஞ்ச ஒரு திண்டுகூட இதுவரைக்கும் கெட்டதில்ல. தண்ணியோ, காத்தோ, என்ன எழவோ. ஃபேக்டரியில செஞ்சாத்தான் தகராறு."

அவர் படியிறங்கிப் போனார். ஜமீலியின் கையில் காப்பி ஆறியது. அதுவரை அவள் ருசித்த அத்தனையும் நாக்கில் கசந்தது.

ஏனென்றால் அவர் உண்மைக்கு ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டரின் ஃபேக்டரித் திண்டுகள் ஊர் முழுக்கப் பதித்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. பதித்த அன்று பட்டு மாதிரி இருந்தவை, முதல் மழைக்குப் பின் மரம் போலவும் இரண்டாம் மழைக்குப் பின் கல் போலவும் ஆயின. தட்டுகள் மறுபடி ஆடின. ரொட்டிக் கடைக்குப் பின்னால் அவள் பதித்த ஐம்பது மீட்டர் மட்டும் இன்னும் மெத்தென்று இருந்தது. அதனால்தான் அடுத்த தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ரயில்வேயின் பொறியாளர் லெயோகாதியா அம்மாள் அவளுடைய கடிதத்தைக் குப்பையில் போடாமல் படித்தார். "காகிதம் எனக்கு வேண்டாம். ரெண்டு பேரும் அவங்கவங்க சீட்டை எழுதி, அவங்கவங்க திண்டை ஊத்துங்க. மூணு வாரம் நீராவிப் பெட்டியில வைப்பேன். எது மெத்துனு வெளிய வருதோ அவங்க பேர்தான்" என்று பதில் எழுதினார். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் காப்புரிமை வைத்திருப்பவருக்கே ஆர்டர் என்றும் அடியில் எழுதியிருந்தார்.

ஃபேக்டரித் திண்டு ஏன் கல்லானது என்பது ஜமீலிக்கு இரண்டாம் மழையிலேயே புரிந்துவிட்டது. புரிந்த அன்று கடையை அடைத்துவிட்டுத் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுகை வரும்வரை சிரித்தாள்.

காரணம் கழகத்தின் ஸ்டோர் கீப்பர் க்ளோதொமீரோ. முப்பத்தொரு வருடமாக அந்த ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர். வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு எதுவானாலும், கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் கொடுப்பார். திருட்டு இல்லை. அரசாங்கத்திலிருந்து சரக்கு வராத மாதங்களுக்காக ஒதுக்கி வைப்பார். சீட்டில் கேட்ட அளவையே கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பான். ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்ட பின் மிஞ்சுகிற மாதிரி கூட்டி எழுதுவார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஜமீலிக்குத் தேவைப்பட்டது நானூறு கிராம் ஹார்டனர். சீட்டில் அறுநூறு என்று எழுதுவாள். நானூறு வரும். எண்ணெய் ஊர்ச் சரக்கு, அதை யாரும் வெட்டுவதில்லை.

வரிசையில் ஒருநாளும் நிற்காத ஒரே மனிதர் டாக்டர். அவர் தூக்கிக்கொண்டு போன சீட்டுகளில் எல்லாம் அறுநூறு. காப்புரிமையில் அறுநூறு. ஃபேக்டரி இயந்திரத்துக்குப் பேரம் தெரியாது. அறுநூறு கேட்டால் அறுநூறு கொட்டியது. மிஞ்சிய ஹார்டனர் திண்டுக்குள் சும்மா இருக்கவில்லை. மழையின் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளே இறுகியது. டாக்டரின் மாணவர்கள் ஆய்வகத்தில் அதே சீட்டை வைத்துச் செய்தபோது மட்டும், க்ளோதொமீரோவின் கை அவர்களைக் காப்பாற்றியது.

இப்போது போட்டி அதே ஜன்னலுக்கு முன்னால். டாக்டர் அறுநூறு எழுதுவார். க்ளோதொமீரோ வழக்கம்போல் நானூறு கொடுப்பார். திண்டு மெத்தென்று வரும். ஏழு வருடம் முன்பு ஒருமுறை திருடியவர், இந்த முறை சாட்சிகளை வைத்துக்கொண்டு திருடுவார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம் என்றால், டாக்டர் அடுத்த நிமிடமே நானூறு என்று எழுதிவிட்டு, அது எப்போதும் தெரிந்ததுதான் என்பார். அவரை அவளுக்குத் தெரியும்.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பத்தொரு வருடமாக ஒருவருக்கும் முழு அளவு கொடுக்காத மனிதர், ஒரு நாள், ஒருவருக்கு, கேட்ட அளவை முழுசாகக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஜமீலி க்ளோதொமீரோவின் வீட்டுக்குப் போனாள். பின்புறச் சுவர் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. கிழவர் முற்றத்தில் ஒரு கூண்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூண்டில் கறுப்பாக ஒரு கூரியோ குருவி. பெத்ரா மியூதாவில் ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருப்பதற்கு அந்தக் குருவிதான் காரணம். பாட்டுப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"வா, சலூப் பொண்ணே. உக்காரு. மூச்சு விடாத, பாடப் போறான்."

குருவி தொண்டையை உப்பியது. தேன் ஒழுகுகிற மாதிரி ஆறு சுரம் பாடியது. ஏழாவதாக, வளைவில் பிரேக் போடுகிற ரயில் சக்கரம் மாதிரி ஒரு கிறீச்.

க்ளோதொமீரோ கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டியா? மூணு வருஷம் வரிசையா கோப்பை வாங்கினவன். போன போட்டியில ஏழாவது சுரத்துலயே ஜட்ஜு கூண்டைத் தூக்கி வெளிய வெச்சுட்டான். இது குருவியா, எஞ்சினான்னு கேட்டான். அத்தனை பேர் முன்னாடி."

"எப்போலருந்து க்ளோதொ ஐயா?"

"டாக்டரோட திண்டு கல்லானதுலருந்துதான். முன்னாடி வீடு குலுங்கும், அவ்வளவுதான்; இப்போ சக்கரமும் கிறீச்சிடுது. திண்டாம் திண்டு."

ஜமீலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை, இந்தக் கிழவரிடம் சுற்றி வளைத்தால் அவர் இன்னும் பெரிதாகச் சுற்றுவார். திண்டு ஏன் கல்லானது என்று சொன்னாள். அறுநூறு, நானூறு, எல்லாம் சொன்னாள். கிழவரின் முகம் முதலில் பயந்தது, பிறகு யோசித்தது, அப்புறம் மெதுவாக மலர்ந்தது.

"அப்போ அந்தத் திண்டுல என் கையும் இருக்குனு சொல்றே."

"மூணுல ஒரு பங்கு."

"அந்த டாக்டர் என்னை எப்படிக் கூப்பிடுவான் தெரியுமா? ஜன்னல். 'ஜன்னல்கிட்ட போய் வாங்கிட்டு வா'ம்பான். முப்பத்தொரு வருஷமா நான் ஜன்னல்."

"அதனாலதான் கேக்கறேன். போட்டி அன்னிக்கு அவருக்கு மட்டும் முழுசா அறுநூறு குடுங்க."

கிழவர் பின்னால் சாய்ந்தார். அவள் அவருடைய ஒரு பல்லைக் கேட்டதுபோல் இருந்தது அவர் முகம்.

"முழுசாவா?"

"முழுசா."

"என் பொண்டாட்டிக்கே நான் முழுசா சர்க்கரை போட்டதில்ல பொண்ணே. கை வராது."

"வர வைங்க."

"எனக்கு என்ன?"

"ஆர்டர் எனக்கு வந்தா, முதல் திண்டு உங்க வீட்டுக்குப் பின்னால."

"எத்தனை மீட்டர்?"

"நூறு."

"முந்நூறு."

"முந்நூறு மீட்டருக்குக் குருவி பாடுமா என்ன? நூத்தம்பது."

"இருநூறு. அப்புறம் செய்முறையில ரெண்டு கட்டம் போடணும். கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. குடுத்ததுக்குக் கீழ என் பேர். ஜன்னல்னு இல்ல, முழுப் பேர்."

"ஆடிட்டர்?"

"டிசம்பர்ல ரிட்டயர் ஆவறேன். ஆடிட்டர் வந்து குருவியைக் கேட்டுக்கட்டும்."

"சரி. அப்போ அவருக்கு முழு அளவு. நிச்சயம்தானே?"

கிழவர் கூண்டின் மேல் துணியைப் போட்டார். "பாக்கலாம்" என்றார்.

போட்டி நாளன்று ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் லெயோகாதியா அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். குட்டையான, வெயிலில் காய்ந்த பெண். தண்டவாளத்திலேயே வாழ்ந்து தலைமுடியில் இரும்புத் தூள் தங்கியவர். டாக்டர் பரிசளிப்பு விழாவுக்குப் போட்ட அதே நீலக் கோட்டில் வந்திருந்தார். முதல் முறையாக வரிசையில் நின்றார். சீட்டை நீட்டினார்: எண்ணெய் ஒரு கிலோ, ஹார்டனர் அறுநூறு.

க்ளோதொமீரோ சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். தராசில் பாத்திரத்தை வைத்து ஊற்றத் தொடங்கினார். நூறு. இருநூறு. முந்நூறு. கை நிதானமாகியது. நானூறில் நின்றது. டப்பாவின் மூடியைத் தேடிக் கையை நீட்டினார்.

ஜமீலியின் கண் அந்த மூடியோடு போனது. பழக்கம். குருவியும் பேரும் அந்த இருநூறு மீட்டரும் முப்பத்தொரு வருடப் பழக்கத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. வாயைத் திறக்கவும் முடியாது.

கிழவர் அந்த நானூறை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வைக்கும்போது தராசின் முகத்தை, எதற்கோ, வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "என்னய்யா இது? நானூறுதான் காட்டுது."

"போதும் டாக்டர். எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கறது."

"எல்லாருக்குமா? நான் எல்லாரும் இல்ல. சீட்டுல எவ்வளவு எழுதியிருக்கு?"

"அறுநூறு."

"அப்போ அறுநூறு. ரயில்வே அம்மா, பாத்துக்கங்க. இந்த ஆள் யாரோட ஆளுன்னு உங்களுக்கே புரியும். என் திண்டு கெட்டுப் போகணும்னு அளவைக் குறைக்கறான்." அவருடைய கண் ஜமீலி மேல் ஓடிவிட்டுத் திரும்பியது. "ஊத்துய்யா. என் கண் முன்னால. கேட்ட அளவு முழுசா."

க்ளோதொமீரோ பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு மட்டும் நடிப்பில்லை. ஐநூறு. ஐநூற்றைம்பது. அறுநூறு. டாக்டர் பாத்திரத்தைப் பறித்துக்கொண்டு, வென்றவர்போல் கூடத்துக்குள் நடந்தார்.

அடுத்து ஜமீலி. அவளுடைய சீட்டிலும் ஒரு கிலோ, அறுநூறு. கிழவர் நானூறு ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

லெயோகாதியா அம்மாள் பேனாவைத் தூக்கினார். "அறுநூறு கேட்டு நானூறு வாங்கறீங்க. ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்ல ஒண்ணும் இல்லம்மா. எழுதிக்கங்க."

உள்ளேயிருந்து டாக்டர் சிரித்தார். "பாவம், உன் ஆளே உன்னை ஏமாத்தறான். வாயத் தொறந்து கேக்கத் தெரியல. அதான் துணிக்கடையோட நின்னுபோயிட்ட."

அந்த ஒரு நொடியில் அவர் நிறுத்தி யோசித்திருக்கலாம். அறுநூறு, நானூறு, எல்லாருக்கும் இப்படித்தான் என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், புத்திசாலிதான் அவர். ஆனால் தன்னை ஒருவன் ஏமாற்றப் பார்த்தான், தான் பிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் இருக்கும் மனிதனுக்குக் கணக்கு ஓடாது. சலூப் கடையில் மூன்று தலைமுறையாக அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பழைய சரக்கு விற்றிருக்கிறார்கள்.

இரண்டு திண்டுகளும் ஊற்றப்பட்டு, முத்திரையிடப்பட்டு, நீராவிப் பெட்டிக்குள் போயின. ஜமீலி வெளியே வரும்போது ஜன்னல் பக்கம் நின்றாள்.

"உயிர் போயிடுச்சு எனக்கு. நானூறுல நிறுத்தினீங்களே."

"நானா முழுசா குடுத்திருந்தா, முப்பத்தொரு வருஷமா குடுக்காதவன் இன்னிக்கு ஏன் குடுக்கறான்னு அவனுக்குத் தோணியிருக்கும்." கிழவர் டப்பாவின் மூடியை இறுக்கினார். "கொஞ்சம் குறைச்சுக் காட்டினேன். அவனே சண்டை போட்டு வாங்கிட்டான். சண்டை போட்டு வாங்கினதை எவனும் சந்தேகப்பட மாட்டான். நீதானே வியாபாரி மக, உனக்கு நான் சொல்லணுமா?"

ஜமீலி வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைவிடப் பெரிய வியாபாரிக்குத் தலை வணங்கினாள்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். சோதனைக்குப் பெரிய இயந்திரம் இருந்தது. லெயோகாதியா அம்மாள் அதற்கு முன் பையிலிருந்து ஒரு எஃகுக் குண்டை எடுத்தார். எலுமிச்சம்பழம் அளவு. தோள் உயரத்திலிருந்து ஜமீலியின் திண்டின் மேல் விட்டார். தொப்பென்று ஒரு சத்தம். குண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு ஓரமாக உருண்டது. டாக்டரின் திண்டின் மேல் விட்டார். டங் என்று கோயில் மணிபோல் ஒலித்து, துள்ளி, மேசையைத் தாண்டி, டாக்டரின் மெருகேற்றிய செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

இயந்திரமும் அதையே எண்ணில் சொன்னது.

டாக்டர் திண்டைக் கையில் எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. அவருடைய முகத்தில் நிறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஏழு வருடமாக இந்த முகத்தைத்தான் ஜமீலி துணிக் கட்டுகளுக்கு நடுவே கற்பனை செய்திருந்தாள். நிஜம் இன்னும் நன்றாக இருந்தது. கற்பனையில் அவள் வியர்வையைச் சேர்க்க மறந்திருந்தாள்.

"இது சதி" என்றார் டாக்டர். "அந்த ஜன்னல்காரன். அவன்தான் அளவுல விளையாடியிருக்கான்."

லெயோகாதியா அம்மாள் நோட்டைப் புரட்டினார். "உங்களுக்குக் குறைச்சா குடுத்தார்?"

"இல்ல."

"கூட்டியா குடுத்தார்?"

"இல்ல."

"எவ்வளவு குடுத்தார்?"

டாக்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தாது ரயில் வந்தது. கூடத்துக் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கிலுகிலுத்தன. இருநூற்றைம்பத்திரண்டு பெட்டியும் போகும்வரை அவர் அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பெட்டி போன பிறகு, நோட்டுக்கு மேல் பேனா காத்திருந்தது.

"கேட்டது முழுசும்" என்றார்.

லெயோகாதியா அம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு ஜமீலியின் கட்டத்தைப் பார்த்தார். கேட்டது அறுநூறு, கொடுத்தது நானூறு. பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்லத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். தண்டவாளத்துக்காரிக்கு விளங்க அதற்கு மேல் நேரம் ஆகவில்லை.

"அப்போ அந்த ஆறு வருஷமும் இந்தத் திண்டை யார் செஞ்சாங்கங்கறது தெரிஞ்சுபோச்சு. சீட்டை எடுத்துட்டுப் போனவருக்கு, சீட்டுல எழுதாதது கெடைக்கலை" என்றார். டாக்டருக்கும் அப்போதுதான் விளங்கியது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. அதுவும் ஜமீலிக்கு வேண்டியிருந்தது. புரியாமலே தோற்கிறவனிடம் பாதிதான் வசூல்.

ஆர்டரில் சலூப் திண்டு என்று அச்சாகியது. செய்முறையின் அடியில் இரண்டு கட்டம். இரண்டாவதற்குக் கீழே க்ளோதொமீரோவின் முழுப் பேர், நடுப்பெயர் இரண்டோடும். முதல் இருநூறு மீட்டர் அவர் வீட்டுக்குப் பின்னால் பதித்தார்கள். குருவி ஏழாவது சுரத்தில் இன்னும் கிறீச்சிடுகிறது, பழக்கம் போகவில்லை. கிழவர் அதைப் பற்றி ஜமீலியிடம் சண்டை போட்டு இன்னும் ஐம்பது மீட்டர் வாங்கினார்.

ஊருக்குள் கல்லாகிப்போன பழைய திண்டுகளையும் மாற்றுவதென்று முடிவாகி, பதிக்கும் வரிசையைப் பற்றி ரயில்வே அவளைக் கேட்டது. எங்கிருந்து தொடங்கலாம், எங்கே முடிக்கலாம் என்று. ஜமீலி வரைபடத்தை விரித்து, பென்சிலால் மேட்டுத் தெருவை வட்டமிட்டாள். பள்ளத்தாக்கும் தண்டவாளமும் தெரிகிற மாதிரி, பரிசு வாங்கிய வருடம் டாக்டர் கட்டிய வீடு அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழே டாக்டரின் ஃபேக்டரித் திண்டுகள் இருந்தன.

"இது கடைசி" என்றாள்.

"கடைசினா நாலு வருஷம் ஆகும்" என்றார் லெயோகாதியா அம்மாள்.

"அவரோட சொந்தச் சரக்கும்மா. அவ்வளவு சீக்கிரம் தோண்டி எடுத்தா மனசு கஷ்டப்படும்."

லெயோகாதியா அம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு வட்டத்தின் மேல் மை ஓட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டரின் மனைவி கடைக்கு ஆள் அனுப்பினாள். கனத் திரைத்துணி வேண்டும், ஜன்னல் எல்லாவற்றுக்கும், வீட்டுக்கு வந்து அளந்துகொள்ள வேண்டும் என்று. ஜமீலி கடைப் பெண்களை அனுப்பவில்லை. மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு தானே போனாள்.

டாக்டர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள். ஜமீலி ஆறு ஜன்னலையும் நிதானமாக அளந்தாள், எழுதிக்கொண்டாள், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ரயில் வந்தது. மேசையில் காப்பிக் கோப்பை தட்டோடு சேர்ந்து பல்லைக் கடித்தது. கரண்டி நடந்து போய் ஓரத்திலிருந்து கீழே விழுந்தது. சுவரில் பரிசுப் புகைப்படம் சாய்ந்தது. அவள் தன் கோப்பையை இரண்டு கையாலும் அமைதியாகப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினாள். இருநூற்றைம்பத்திரண்டு. ஒன்றும் குறையவில்லை.

"இந்தத் துணி சத்தத்தைக் குறைக்குமா?" என்று கேட்டார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"குறைக்காது டாக்டர்."

ஜமீலி அளவெழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஆனா கவலைப்படாதீங்க," என்றாள். "நீங்க கேட்ட அளவு முழுசா குடுத்துடறேன்."

பிறகு டாக்டரின் மனைவியைப் பார்த்து, காப்பி நன்றாக இருக்கிறது, அடுத்த ரயில் வரும்வரை இன்னொன்று குடிக்கலாமா என்று கேட்டாள்.